பெரிய டொக்டரிடம் சுத்தமாகப் போனோம்

என் வீட்டுக்காரருக்கு ஒண்ணுக்குப் போகும்போது ரத்தம் வருவதை எனக்குச் சொன்னது அவர் அல்ல, கக்கூசின் சிமெந்துத் தரை. கேட்டதற்கு, "பீட்ரூட் தின்னேன் புள்ள" என்றார். எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் பீட்ரூட் சமைத்து மாதக்கணக்காகியிருந்தது.

கஹவத்தைக்கு மேலே, தேயிலையும் ரப்பரும் கலந்த தோட்டம் எங்களுடையது. தோட்டத்து டிஸ்பென்சரி ஐயாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். வலி இல்லாமல் ரத்தம் வந்தால் லேசாக எடுக்கக் கூடாது, அதற்கென்று படித்த டொக்டரிடமே காட்டுங்கள் என்று சொல்லிவிட்டார். கண்ணுக்கும் பல்லுக்கும் இருப்பது போல மூத்திரப்பைக்கும் தனியாக ஒருவர் இருக்கிறார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

யாரிடம் காட்டுவது என்பதில் எங்கள் வரிசை வீட்டு லயமே இரண்டுபட்டது. பக்கத்துக் காம்பரா அக்காவுக்கு ஒரே பிடிவாதம்.

"தமிழ் தெரிஞ்ச டொக்டரா பாருடி. இந்தச் சமாச்சாரத்த ஒம் புருஷன் சிங்களத்துல எப்படி வாய்விட்டுச் சொல்லுவாரு?"

"சிங்களத்துல எனக்குக் கருவாடு வாங்க வரும் அக்கா. அதுக்கு மேல போனா நாக்கு நடுங்கும்" என்றார் இவர். சும்மா சொன்னார். பஸ்ஸில் மிச்சக் காசுக்காகச் சிங்களத்தில் சண்டையே பிடிப்பவர்.

நான் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவிடம் போனேன். அவருக்கும் அந்த இடத்தில் ஒப்பரேஷன் நடந்திருந்தது. கடையில் பெண்கள் யாரும் இல்லாத நேரம் பார்த்துத்தான் பேசினார்.

"சிரிச்சுப் பேசுறவரா, தமிழ் பேசுறவரா எண்டு பாக்க வேணாம். கை பழகின ஆளா எண்டு மட்டும் பாருங்க. எனக்கு வெட்டினவருக்கு இந்த வேலையிலயேதான் தலை நரைச்சது. மொகம் உம்முண்டு ஈக்கும். கேட்டதுக்குப் பதில் சொன்னாப் போதும், நீட்டிக் கதை சொன்னா அவருக்குப் புடிக்காது."

அந்த டொக்டர் சனிக்கிழமைகளில் இரத்தினபுரியில் ஒரு கிளினிக்குக்கு வருவாராம். நானாவே போன் போட்டு, நேரம் பதிந்து சனல் பண்ணித் தந்தார். சரியான ஆளைப் பிடித்துவிட்டோம் என்ற நிம்மதியில் அன்றைக்கு நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

பெரிய தொரை பார்வைக்கு வருகிறார் என்றால் தோட்டத்தில் என்ன நடக்கும் என்று எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சாக்கடைக் கானைக் கழுவுவோம், லயத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்போம், மூக்கு ஒழுகுகிற பிள்ளைகளை உள்ளே பிடித்து வைப்போம். பெரிய மனுஷன் கண்ணில் அழுக்குப் படக் கூடாது. அந்தப் பழக்கம் எங்கள் ரத்தத்தில் ஊறியது. பெரிய டொக்டரைப் பார்க்கப் போவதற்கும் நாங்கள் அப்படியே தயாரானோம். அக்கா சிறுபீளை பிடுங்கி வந்தாள்; சிங்களவர்கள் பொல்பலா என்பார்களே, அது. நான் அதைக் கொதிக்க வைத்துப் பானை பானையாக இறக்கினேன். நானா தெம்பிலி இளநீர்க் குலை கொடுத்துவிட்டார். இவரும் முகம் சுளிக்காமல் எல்லாவற்றையும் குடித்தார். போகிற நாளுக்கு முன்பே மூத்திரம் தண்ணீராய்த் தெளிந்துவிட்டது. அவர் முகமும் தெளிந்துவிட்டது.

"இப்பப் போனா மரியாதையா இருக்கும்" என்றார்.

கிளினிக்கில் அவருடைய முறை வந்தபோது நானும் எழுந்தேன். கதவருகே நின்ற பெண், "அம்மே, எளியே இன்ன" என்று என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டாள். பெஞ்சியில் உட்கார்ந்து, மடியில் வைத்திருந்த அவருடைய குடையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் சிரித்த முகமாக வெளியே வந்தார்.

"மூத்திரம் நல்லா இருக்காம். ராத்திரியில எந்திரிச்சு எந்திரிச்சுப் போறதுக்கு மாத்திரை எழுதியிருக்காரு."

"ரத்தம் போனதச் சொன்னீங்களா?"

"அதான் நின்னுபோச்சே. நின்னுபோனதச் சொல்லி அந்த மனுஷன் நேரத்த ஏன் கெடுக்கணும்?"

"கேட்டாரா இல்லையா?"

"ரத்தம் போகுதான்னு கேட்டாரு. இல்லைன்னேன். இப்ப இல்லதானே?"

நான் கதவுக்கு ஓடினேன். அடுத்த ஆள் உள்ளே போய்விட்டார். அந்தப் பெண், சொல்ல வேண்டியது இருந்தால் திரும்பச் சனல் பண்ணிக்கொண்டு வரச் சொன்னாள். இவர் என் கையைப் பிடித்து, பஸ் போய்விடும் என்று இழுத்தார். அடுத்த மாதம் போகலாம் என்றார். அடுத்த மாதம் வந்தபோது, நன்றாகத்தானே இருக்கிறேன் என்றார். நான் அழுதும் பார்த்தேன், ஏசியும் பார்த்தேன். தெளிந்த தண்ணீரைக் காட்டியே என் வாயை அடைத்தார்.

பிறகு ரத்தம் கட்டி கட்டியாக வந்தது. அடைத்துக்கொண்டு அவர் துடித்த அன்று லொறியில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கேயும் அதே டொக்டர்தான் குழாய் விட்டுப் பார்த்தார். இந்தத் தடவை என்னை உள்ளே கூப்பிட்டார்கள். முதலில் ரத்தம் கண்டது எப்போது என்று சிங்களத்தில் கேட்டார். முதல் தடவை உங்களைப் பார்க்க வருவதற்கு முன்னாலேயே என்றேன். அவர் ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, அன்றைக்குத் தெரிந்திருந்தால் அந்தப் புற்றை வெட்டி எடுத்திருப்பேன் என்றார். இப்போது மூத்திரப்பையைத் தாண்டிப் பரவிவிட்டதாம். வலிக்கு மருந்து எழுதினார். எழுத வேறு ஒன்றும் இருக்கவில்லை.

கட்டிலில் கிடந்த இவருக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்ன நாளில், அவருக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். பொத்தான் துளையில் ஏற மறுத்தது. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தவர் மெதுவாகச் சொன்னார்.

"நீ ஆளச் சரியாத்தான் புடிச்ச புள்ள. நல்ல டொக்டரு."

மற்றப் பொத்தான்களையும் போட்டுவிட்டேன்.