மஞ்சள் வைத்த இன்வாய்ஸ்

அமாவாசையன்று செஞ்சி பேருந்து நிலையத்தில், கிளம்பாத பாண்டிச்சேரி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது அந்த யோசனை வந்தது. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் ஸ்பெஷல் பஸ்கள் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. என் மடியில் ஒரு பை. பைக்குள் எங்கள் நிலக்கடலை லோடின், எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டை லோடின், அசல் தாள்கள்: இன்வாய்ஸ், எடைச்சீட்டு, சரக்கை ஏற்றிக்கொண்டதற்குக் கப்பல் கம்பெனி கொடுத்த ரசீது. அந்த ரசீது போய்ச் சேராமல் மலேசியாவில் யாரும் கண்டெய்னரை வெளியே எடுக்க முடியாது. கண்டெய்னர் கிள்ளான் துறைமுகத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. ரசீது செஞ்சியைத் தாண்டவில்லை.

முன் சீட்டிலிருந்த பெண் ஜன்னல் வழியாகப் பூ வாங்கினாள். பூக்காரம்மா கூடையில் தொங்கிய அட்டையைக் காட்ட, இவள் போனை நீட்டினாள். கூடைக்குள்ளிருந்து ஒரு குரல் பணம் வந்துவிட்டதாக அறிவித்தது. பஸ் அப்போதும் கிளம்பவில்லை. பூவுக்கு நடப்பது மல்லாட்டைக்கு ஏன் நடக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். பதில் சொல்ல ஆளில்லாததால் நானே ஏற்பாடு செய்வது என்று முடிவெடுத்தேன்.

என் அப்பா, நைனாவுக்கு, செஞ்சிக் கடைத்தெருவில் மல்லாட்டை மண்டி. வெளிநாட்டில் அவருக்கு இருப்பது ஒரே வாடிக்கையாளர், கிள்ளானில் மளிகை மொத்த வியாபாரம் செய்பவர். தாள்கள் சரியாக இருந்தால் பணம் தருவதாக அவருடைய வங்கி எங்கள் வங்கிக்கு முன்கூட்டியே உறுதி எழுதிக்கொடுக்கும். மல்லாட்டை எப்படி இருக்கிறது என்று எந்த வங்கியும் பார்க்காது. தாள் எப்படி இருக்கிறது என்று மட்டும் பார்க்கும். இதை நான் எம்.பி.ஏ.வில் ஒரு பருவம் முழுக்கப் படித்தேன். படித்து முடித்த பிறகு கிடைத்த வேலை, தாள்களைப் பஸ்ஸில் எடுத்துப்போவது.

அந்த லோடின் தாள்கள் பாண்டிச்சேரி போய், கூரியரில் ஏறி, கோலாலம்பூர் வங்கியில் இறங்கி, ஆடி அசைந்து போய்ச் சேர்ந்தன. அதுவரை கண்டெய்னர் வெயிலில் நின்றது. உள்ளே மூட்டைகள் வியர்த்து, மேல் வரிசை பூசணம் பிடித்துவிட்டது. வாடிக்கையாளர் குரல்பதிவு அனுப்பினார்.

“அண்ணே, அடுத்த லோடும் இப்படித் தாளுக்காகக் காத்துக்கிட்டு நின்னா நான் வேற ஆளுகிட்ட வாங்கிக்கிறேன் லா. கோபம்லாம் இல்ல.”

கோபம் இல்லை என்றதுதான் நைனாவைப் பயமுறுத்தியது.

பாண்டிச்சேரி வங்கியில் எங்கள் தாள்களைப் பார்க்கும் அதிகாரி அம்மா, இரண்டு வங்கிகளும் புதிதாக ஓர் இணையதளத்தில் சேர்ந்திருப்பதாகச் சொன்னார். கப்பல் ரசீதைக் கப்பல் கம்பெனியே மின்வடிவில் ஏற்றிவிடும். மற்ற தாள்களை நாங்கள் ஸ்கேன் செய்து ஏற்றினால் போதும். நைனாவிடம் விளக்கினேன்.

“ரசீது காயிதத்துல இல்லன்னா வேற எங்க இருக்குது?”

“சர்வர்ல, நைனா.”

“அது எங்க இருக்குது?”

“தெரியாது.”

“மல்லாட்ட எங்க இருக்குதுன்னாவது நமக்குத் தெரியும்.” கொஞ்ச நேரம் தராசைப் பார்த்தார். “சரி, ஒரு தபா பாக்கலாம். இதுவும் வீணாச்சுன்னா கத முடிஞ்சுது. அந்த ஆளு போயிடுவாரு.”

அடுத்த லோடு கப்பல் ஏறியது. இன்வாய்ஸையும் எடைச்சீட்டையும் அச்செடுத்துக் கல்லாவில் வைத்தேன். நைனா வழக்கம்போல் நான்கு மூலையிலும் மஞ்சள் வைத்தார். பிறந்ததிலிருந்து பார்ப்பதால் அது என் கண்ணில் படவே இல்லை. அப்படியே ஸ்கேன் செய்து ஏற்றினேன். டீ ஆறுவதற்குள் நிராகரிப்பு வந்தது. இன்வாய்ஸ் எண் மறைக்கப்பட்டுள்ளது, திருத்தமாக இருக்கலாம் என்று இயந்திரம் சந்தேகப்பட்டது. எண் வலது மேல் மூலையில் இருந்தது. மஞ்சளும் அங்கேதான்.

அதிகாரி அம்மாவுக்குப் போன் செய்தேன்.

“மஞ்சளா? இத்தன வருஷம் நான் பாத்துட்டுப் பேசாம அனுப்பிட்டிருந்தேன். என் ஸ்கூட்டர் ஆர்.சி. புக்லயே இருக்கு. மெஷினுக்கு அதெல்லாம் வீட்ல யாரும் சொல்லித் தரல பாரு. சாயந்திரத்துக்குள்ள சுத்தமா வேற ஒண்ணு ஏத்திடும்மா. இல்லன்னா குறைன்னு போட்டு நிறுத்திடுவாங்க.”

நைனா கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

“மஞ்ச வெக்காத காயிதம் கருமாதி பத்திரிகம்மா. அத்தப் போயி யாவாரத்துக்கு அனுப்புவாங்களா?”

“மனுசங்க பாக்கல நைனா. மெஷின்தான் பாக்குது.”

“மெஷினுக்கு மஞ்சன்னா இன்னா, ரத்தம்னா இன்னா.” வாசலைப் பார்த்தார். தெருவில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. “அங்க கிள்ளான்ல இன்னிக்கி வெயிலா?”

போனில் பார்த்தேன். “வெயில்தான்.”

“எடு.”

புதிதாக அச்செடுத்து ஸ்கேன் செய்தேன். நான் பட்டனைத் தட்டும்போது நைனா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஏறி முடிந்ததும் அந்தத் தாள்களை வாங்கி, நான்கு மூலையிலும் பொறுமையாக மஞ்சள் வைத்தார். மங்கலம் கொஞ்சம் தாமதமாகப் போய்ச் சேரட்டும் என்றார்.

மறுநாள் இரண்டு வங்கிகளும் சரி என்றுவிட்டன. கப்பல் கிள்ளானைத் தொடுவதற்கு முன்பே ரசீது அங்கே தயாராக இருந்தது. கண்டெய்னர் துறைமுகத்தில் நிற்காமல் நேராகக் கிடங்குக்குப் போனது. குரல்பதிவு வந்தது. நைனா சத்தமாக வைக்கச் சொன்னார்.

“அண்ணே, கடலை அருமை லா. தாள் முன்னால வந்திருச்சு, எனக்கே நம்ப முடியல.” பிறகு குரல் தணிந்தது. “ஆமா, வீட்ல எல்லாரும் சுகம்தானே? இன்வாய்ஸ்ல மஞ்சள் காணோம். கேக்கலாமா வேணாமான்னு யோசிச்சேன்.”

நைனா என்னைப் பார்த்தார். அப்புறம் மஞ்சள் டப்பாவை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அடுத்த லோடுக்கு அச்செடுக்கும் வேலையே இருக்காது. இன்வாய்ஸைக் கம்ப்யூட்டரிலேயே தயாரித்து நேரடியாக ஏற்றலாம். மஞ்சளை எங்கே வைப்பது என்று நைனா கேட்டார். நான்கு மூலையிலும் மஞ்சள் வட்டம் வரைந்துவிடலாம் என்றேன். வரைந்த மஞ்சள் ஆகாதாம். ஆகவே வெள்ளிக்கிழமை காலை ஒரு வெற்றுத் தாளில் அவர் தன் விரலால் வைப்பார். நான் அதை ஸ்கேன் செய்து, இன்வாய்ஸின் பின்னணியாகச் சேர்ப்பேன். எண்ணை நடுவுக்கு நகர்த்தியாகிவிட்டது. இயந்திரம் மஞ்சளைக் கடையின் லோகோ என்று எடுத்துக்கொள்ளும் என்பது அதிகாரி அம்மாவின் நம்பிக்கை. லோடு கப்பல் ஏறும் முன் ஒரு சோதனை இன்வாய்ஸை ஏற்றிப் பார்க்கப் போகிறேன்.