மகரந்தம் வந்த நாள்கள்

21.6.2016 — ரூ. 118
27.6.2017 — ரூ. 131
19.6.2018 — ரூ. 131

கல்வராயன் மலைக்குப் போகும் சாலையில் நாற்றுப் பண்ணை வைத்திருக்கும் உமர் பாரூக்குக்கு அந்தமானிலிருந்து மகரந்தப் பொட்டலம் வந்த நாள்களும், அவர் கட்டிய தபால் செலவும் இவை.

அந்தமானில் கடை வைத்திருந்த அவர் அண்ணன், 2003இல் ஒரு புதர்ச்செடியின் கன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். வருடம் முழுதும் பச்சையாக நிற்கும் செடி என்பதால் கொல்லையில் குளிக்கும் இடத்துக்கு மறைப்பாக நட்டார்கள். அடுத்த வருடச் சுனாமியில் அதன் சொந்தத் தீவு மூழ்கியது. மிஞ்சியவை இரண்டே: அந்தமானில் ஒரு தோட்டத்தில் கிழட்டு ஆண் செடி, உமர் பாரூக்கின் கொல்லையில் பெண் செடி. குச்சி நட்டால் வேர் விடாத சாதி. விதை பிடித்தால் உண்டு. இல்லையென்றால் அந்த இரண்டோடு சரி.

முதல் பொட்டலம் மழையில் நனைந்து களிம்பாக வந்தது. இரண்டாவதன் முகவரியில் அனுப்பிய தோட்ட அதிகாரி ஊர்ப் பெயரை மாற்றிக் கல்லிடைக்குறிச்சி என்று எழுதிவிட்டார். அங்கே இன்னொரு உமர் பாரூக் கையெழுத்துப் போட்டு வாங்கி, 'இந்த மருந்து நமக்கு இல்லை' என்று எழுதித் திருப்பிவிட, அது சுற்றிக்கொண்டு தாமதமாக இங்கே வந்து சேர்ந்தது.

"பாய், மாப்ளை வேற ஊர்ல எறங்கிட்டாராமே?" என்றார் தபால் கொண்டுவரும் எழில்மதி.

"சிரிக்காதம்மா. பொண்ணு காத்துக்கினு இருந்து பூவே கொட்டிப்போச்சு."

மூன்றாவது பொட்டலம் காய்ந்த பொடியாகவே வந்தது. உமர் பாரூக், தன் மனைவி ஷம்ஷாத் கண்ணுக்குச் சுர்மா தீட்டும் குச்சியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார்.

"இன்னாங்க, அது என்னுதுங்க!"

"பிரஷ்ஷு முரடா இருக்குது. பூவு தாங்காது."

"எனக்கு சுர்மா வெச்சுவுட இத்தினி வருஷத்துல ஒருநாளு கை வந்துச்சா?"

அவர் குச்சியால் பூ பூவாகத் தொட்டுக்கொண்டிருந்தார்.

காய் பிடித்தது. குருவி கொத்தாமல் இருக்க ஷம்ஷாத் தான் வெளியே போகையில் போர்த்தும் துப்பட்டியை எடுத்துச் செடிக்குப் போர்த்திவிட்டு, "இப்பதான் நம்ம வூட்டுப் பொண்ணு மாதிரி இருக்குது" என்றார்.

விதைகளில் முளைத்து நின்றவை நான்கு. ஆணா பெண்ணா என்பது பூத்தால்தான் தெரியும். அதற்குள் அந்தமான் கிழவர் பூப்பதை நிறுத்திவிட்டார். ஐந்து வருடம் போயிற்று. முதலில் பூத்தது பெண். அடுத்ததும் பெண். மூன்றாவதும் அப்படியே.

"நாலும் பொண்ணுன்னா சொல்லுங்க பாய், இப்பவே சீட்டு கட்ட ஆரம்பிச்சிடலாம்" என்றார் எழில்மதி.

உமர் பாரூக் அன்று சாப்பிடவில்லை.

2023 ஜூலையில் நான்காவது செடியின் பூவைத் தொட்டபோது விரலில் மஞ்சள் பொடி ஒட்டியது. கையைக் கழுவாமல் அப்படியே பெண் செடிகளிடம் போனார். காய் திரண்டபின் அந்தமானுக்குத் தகவல் எழுதினார்.

தோட்ட அதிகாரி பதில் எழுதினார். அங்கிருந்த ஆண் செடி மே மாதக் காற்றில் சாய்ந்துவிட்டது. விதை முற்றியதும் கொஞ்சம் அந்தமானுக்கு அனுப்பவும். தாம் இம்மாதத்தோடு ஓய்வு பெறுவதால் இதுவே கடைசிக் கடிதம். அது வந்து சேர்ந்தது 9.10.2023.