அறுபத்திரண்டாவது மீட்டர்

சீனிக்கு அழுக்கு ஆகாது. ஈப்போவில் எங்கள் பரிசோதனைக் கூடத்தில் பதினெட்டு வருடமாகக் குவாரிக் கற்களைக் கழுவி நசுக்கி, எவ்வளவு தாங்கும் என்று பார்க்கிறவன். காலணியில் ஒரு பொட்டு மண் இருக்காது.

காரணம் எனக்குத் தெரியும். ஆயர் தாவார் பக்கம் ஒரே ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியின் ஆபீசுக்குப் போவதென்றால் அம்மாக்கள் எங்களைக் குழாயடியில் நிறுத்தி நகக்கண் வரை தேய்ப்பார்கள். ஒருமுறை சேற்றுக்காலோடு படியேறிய சீனியை, சிலோன்காரரான அந்தக் கிராணி எல்லார் முன்னாலும் இறக்கிவிட்டார். அந்த வெட்கம் அவனை விட்டுப் போகவே இல்லை.

போன வருடம், அணை கட்ட நினைத்த ஒரு மலைக்குள் பழைய நிலப்பிளவு ஓடுவதாகச் சொல்லித் துளை போட்டார்கள். துளை போட்டவன் சீனியின் தங்கை புருஷன் தனேஸ்வரன். எடுத்த பாறைத் துண்டுகள் பெட்டி பெட்டியாக எங்களிடம் வந்தன. அவற்றைப் பார்க்கப் பல்கலைக்கழகத்திலிருந்து டாக்டர் நிரோஷா வருவதாகத் தகவல். அவரும் சிலோன் குடும்பம்.

முந்தின நாள் சீனி பெட்டியைத் திறந்தான். துளையின் அறுபத்திரண்டாவது மீட்டர் ஆழத்தில் எடுத்த துண்டில், பாறைக்கு நடுவே ஒரு சாண் நீளத்துக்குச் சாம்பல் நிறக் களிமண். சோப்புப் போல வழுக்கியது.

"என்னாடா இது, டாக்டர் பாத்தா என்னா நினைப்பாங்க?" என்று குழாயைத் திறந்து அதைக் கழுவிவிட்டான். நானும்தான் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் நிரோஷா அந்த இடத்திலேயே நின்றுவிட்டார்.

"இங்க களிமண் இருந்திருக்கணுமே! பாறையும் பாறையும் உரசினா கெட்டியா பிடிச்சுக்கும். நடுவுல இந்தக் களிமண் நனைஞ்சு இருந்தா வழுக்கிடும். இந்தப் பிளவு எப்ப நகரும், எவ்வளவு தாங்கும்னு அது இல்லாம எப்படிச் சொல்றது? துளை போட்டவங்க தண்ணிய அதிகமா விட்டுக் கரைச்சிட்டாங்க."

சீனி வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அந்த வாரமே தனேஸ்வரனை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தஞ்சோங் ரம்புத்தானில் சீனியின் தங்கை வீட்டில் சாப்பாடு. தனேஸ்வரன் சோற்றைப் பிசைந்தபடி, "தண்ணி கம்மியாதான் விட்டேன் மச்சான். ஆனா என் கைதான் எங்கயோ தப்பு பண்ணியிருக்கு லா" என்றானாம். அவமானத்தில் செத்துவிடலாம் போல இருந்தது என்று சீனி என்னிடம் சொன்னான்.

திங்கட்கிழமை காலை, குழாயடித் தொட்டியின் அடியில் படிந்திருந்ததை வழித்து ஒரு மைலோ டின்னில் அள்ளினான். அப்படியே, எங்கள் கூடத்தில் நிரோஷா வேலை பார்த்துவந்த அறைக்குள் போனான்.

"நான்தான் கழுவினேன், டாக்டர். நீங்க வாரீங்கன்னு கழுவினேன்."

அவர் டின்னையே பார்த்தார். "இது என்ன களிமண்ணுன்னு சொல்லிடலாம். எவ்வளவு தாங்கும்னு இனிமே சொல்ல முடியாதுண்ணே. பாறைக்கு நடுவுல அழுந்தி இருந்தபடியே வேணும். திரும்பத்தான் துளை போடணும்."

சீனி தலைகுனிந்து நின்றான். முழங்கை வரை சகதி, தரையெல்லாம் சொட்டியது.

"முதல்ல கையக் கழுவிட்டு வாங்க, உக்காந்து பேசலாம்."

"கழுவலாம் டாக்டர். அதுக்கு முன்னாடி தனேஸ்வரனுக்குப் போன் போடுங்க. தப்பு அவன் மேல இல்லன்னு நீங்களே சொல்லுங்க."

நான் அப்போதும் வாசலில்தான் நின்றிருந்தேன். என் கை சுத்தமாக இருந்தது.