இரண்டுக்கும் எட்டுக்கும் நடுவில்

சாலிஹ் சவூதிக்குப் புறப்பட்டது 2022 ஓகஸ்ட் பதினான்காம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு. கல்முனையில் அன்றைக்கும் கரண்ட் போய்ப் போய் வந்தது. டீசல் இல்லாமல் பாதி வாகனங்கள் வீட்டு வாசலில் நின்ற காலம்; கொழும்பு போகும் வேனில் ஓர் இடம் கிடைத்ததே பெரிய காரியம். அவனுடைய பயணப்பையை மனைவி பரீனா அடுக்கினாள். உடுப்புக்கு அரை மணித்தியாலம் எடுத்தவள், மருந்துக்கு மூன்று நாள் எடுத்தாள்.

சாலிஹுக்குப் பத்து வருடமாகச் சீனி வருத்தம். இன்சுலின் ஊசி போடாமல் ஒரு நாளும் போகாது. கடைகளில் மருந்துத் தட்டுகள் வெறுமையாகக் கிடந்த அந்த நாட்களில், கல்முனையிலும் சம்மாந்துறையிலும் ஒவ்வொரு பாமசியாக ஏறி இறங்கிப் பன்னிரண்டு குப்பிகள் சேர்த்திருந்தாள். வெயில் பட்டால் இன்சுலின் பழுதாகிவிடும் என்று அவளுக்குத் தெரியும். வேன், விமானம், மறுபடியும் வேன் என்று முப்பது மணித்தியாலப் பயணம். கரண்டையும் நம்ப முடியாது. ஆகவே குப்பிகளைப் பிரீசரில் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே இரண்டு நாள் வைத்தாள். கல்லாய் இறுகியதும் எடுத்துத் துணியில் சுற்றி, குளிர் காக்கும் ரெஜிபோம் பெட்டியில் அடைத்து, டேப் ஒட்டினாள்.

“என்ன புள்ள, என்னை அனுப்புறியா, அறக்குளா மீன அனுப்புறியா?” என்றான் சாலிஹ்.

“மீனெண்டா இவ்வளவு பாடு படமாட்டன். பேசாமக் கொண்டு போங்க.”

நவம்பர் இருபத்தோராம் திகதி, ரியாத்தில், அவன் காலையில் எழும்பவில்லை. கூட அறையில் இருந்த அப்ராஸ் என்ற இளைஞன்தான் அழைத்துச் சொன்னான். ‘இதயம் நின்றது’ என்று மரணச் சான்றிதழில் எழுதியிருந்தது. அங்கேயே அடக்கினார்கள்.

பரீனா இத்தா இருந்தாள். நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு இறங்காமல் கைம்பெண் இருக்கும் காலம் அது. வந்து பார்ப்பவர்கள் ஓதினார்கள், அழுதார்கள், போனார்கள். மூன்றாவது வாரம் தங்கை பஸ்னா ஒரு தொடுதிரை டெப்பைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். பஸ்னா பாடசாலையில் கணினி படிப்பிப்பவள்.

“சுவரப் பார்த்துக்கொண்டே இரிக்காம இத விளையாடு ராத்தா. தபால் கந்தோர் கேம்.”

“எனக்குத் தபால் கந்தோர்ல என்ன வேல?”

“சம்பளமில்லாத வேல. இந்த வீட்டுல நீ பழகினதுதான்.”

பரீனா சிரித்தாள். இத்தாவில் அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

கேமில், மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். கவுண்டருக்குப் பின்னால் அவள் நிற்க வேண்டும். முத்திரை குத்த வேண்டும், நிறுக்க வேண்டும், தட்டில் அடுக்க வேண்டும். நான்காம் கட்டத்தில் சூடும் குளிரும் பார்க்கிற பொதிகள் வரத் தொடங்கின. சிவப்பு ஒட்டுள்ள பொதி சூட்டு அலுமாரிக்கு, வெள்ளை ஒட்டு பிரீசருக்கு, நீல ஒட்டு பிரிஜுக்கு. ஒவ்வொரு பொதியின் தலைக்கு மேலும் ஒரு கோடு குறைந்துகொண்டே வரும். கோடு முடிவதற்குள் ஆள் வந்து வாங்க வேண்டும்.

ஒருநாள் நீல ஒட்டோடு ஒரு மருந்துப் பொதி வந்தது. கவுண்டரில் சனம் நெருக்கியது. பிரிஜில் இடமில்லை. கூடக் குளிர்ந்தால் கூடப் பாதுகாப்புத்தானே என்று பரீனா அதைப் பிரீசருக்குள் தள்ளினாள். கேமில் மறுநாள் விடிந்ததும் தொப்பி போட்ட ஒருவர் வந்து பொதியைத் திறந்தார். தலையை ஆட்டினார். திரையில் ஆங்கிலத்தில் எழுத்து விழுந்தது: உறைந்துவிட்டது, இனிப் பயன்படாது, இரண்டு பாகைக்கும் எட்டுப் பாகைக்கும் நடுவில் வைத்திருக்க வேண்டும். அவர் பொதியைக் கவுண்டரிலேயே வைத்துவிட்டுக் கதவால் வெளியே போனார். ஒரு தோள் சரிந்த நடை. சாலிஹுடைய நடை.

டெப்பைக் கவிழ்த்து வைத்தாள். கூகுளில் தேடிப் பார்த்திருக்கலாம். தேடவில்லை. ஒக்டோபரில் அவன் அனுப்பிய குரல் பதிவுகளை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள். “தண்ணி விடாய் புள்ள, எவ்வளவு குடிச்சும் அடங்குதில்ல.” “களைப்பா இரிக்கி, நாளைக்குக் கதைக்கிறன்.” முன்பு கேட்டபோது அது வெறும் களைப்பு.

இத்தா முடிந்து அவள் முதலில் போன இடம் பாமசி.

“உறைஞ்ச இன்சுலின் போடலாமா சேர்?”

“ஆருக்கு?”

“பக்கத்து வீட்டு மனிசிக்கு.”

“வீசச் சொல்லுங்க தங்கச்சி. சூட்டுல பழுதாகிற மாதிரித்தான் உறைஞ்சாலும். இளகி வந்தா நல்லா இரிக்கிற மாதிரித் தெரியும், ஆனா வேலை செய்யா.”

“பார்த்துக் கண்டுபிடிக்க ஏலாதா?”

“சிலவேளை கட்டி கட்டியாத் தெரியும். சிலவேளை ஒண்டும் தெரியா.”

அதோடு அவளுக்கு ஒரு கேள்விதான் மிஞ்சியது: தான் கட்டிக் கொடுத்ததைப் போட்டுத்தான் அவன் மௌத்தானா? கேட்பதற்கு ஆளில்லை. அப்ராஸின் இலக்கம் இருந்தது. பல தடவை எடுத்தாள், வைத்தாள். பதில் ‘ஓம்’ என்று வந்தால் எங்கே போவது?

கேமை அவள் விடவில்லை. அதற்குப் பின் ஒரு பொதிகூடப் பழுதாகவில்லை. ஆனால் திரும்பி வந்தவற்றை வைக்கும் தட்டில் அந்த மருந்துப் பொதி கிடந்தபடியே கிடந்தது. அதை அழிக்க அந்தக் கேமில் வழியில்லை. முதலிலிருந்து தொடங்கலாம் என்று பஸ்னா சொன்னாள். அவள் தொடங்கவில்லை.

பிறகு வீட்டுப் பிரிஜுக்குள் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டாள். பிரிஜ் இல்லாத வீடுகளின் இன்சுலின் ஒவ்வொன்றாக அங்கே வந்து சேர்ந்தது. பெட்டிகளில் பெயர் எழுதி நடுத்தட்டில் வைத்தாள். கரண்ட் போனால் கதவுக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். ஒருவரையும் திறக்க விடமாட்டாள்.

“பேத்திக்கு வாங்கின ஐஸ்கிறீம் ஒண்டு வெக்கட்டா கா?” என்று ஒழுங்கைக்கு அந்தப் பக்கத்துச் சபியா உம்மா ஒருநாள் கேட்டார்.

“ஏலா மாமி. அடிக்கடி திறந்தா குளிர் மாறும்.”

“ஆசுபத்திரியிலயும் இவ்வளவு சட்டமில்ல. உன்ட புருசன் கண்டாரெண்டா சிரிச்சே விழுந்திருப்பாரு.”

பரீனா பிரிஜ் கதவை மெதுவாகச் சாத்தினாள். சிரிக்கவில்லை.

2025 ஒக்டோபரில், ஒரு வியாழக்கிழமை பகல், தெரியாத ஒரு வெளிநாட்டு இலக்கத்திலிருந்து வட்ஸ்அப்பில் எழுத்தாக வந்தது:

“அஸ்ஸலாமு அலைக்கும் ராத்தா. நான் அப்ராஸ், சாலிஹ் காக்காட ரூம்ல இருந்த. இன்னம் ரியாத்லதான் இரிக்கன். எனக்கும் போன மாசம் சீனி எண்டு சொல்லிட்டாங்க. ஊசியக் கையில எடுத்த நேரம் காக்காட ஞாபகம் வந்திச்சி. நீங்க கட்டி அனுப்பின மருந்து வந்து சேரக்குள்ள உறைஞ்சி இருந்திச்சி. இத ஒடம்புல ஏத்தாத எண்டு கீழ பாமசில மலையாளி சொன்னான். காக்கா ஒரு குப்பியும் போடல்ல, எல்லாத்தையும் வீசிட்டாரு. இஞ்ச வாங்கித்தான் போட்டாரு. மாசக் கடைசில கையில காசு முட்டுப்பட்டாக் கொஞ்சம் குறைச்சிப் போடுவாரு, நானும் ஏசின. மூணு நாள் கஷ்டப்பட்டுக் கட்டினவ, தெரிஞ்சா அவ நித்திர கொள்ளமாட்டா, ஒருத்தரும் சொல்லப்படாது எண்டு காக்கா எங்க எல்லார்ட்டயும் சத்தியம் வாங்கினாரு. அதுதான் இவ்வளவு நாளும் சொல்லல்ல. நீங்க அத எப்பவோ மறந்திருப்பீங்க. குறை நினைக்காதீங்க ராத்தா.”