வாடிப்பட்டி பஸ்ஸில் ஒரு துணை

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பேச்சு. வாடிப்பட்டி பஸ்ஸில் தனியாகப் போகிறவர் பக்கத்தில் ஒரு பெரியவர் வந்து உட்காருவாராம். இறங்குவதற்குள் பர்ஸ் காலியாம். டீக்கடையில் இன்னொரு கட்சி, அவர் மாறுவேட டிக்கெட் செக்கர் என்றது. எழுதிப் பிழைக்கிறவனுக்கு இரண்டும் லாபமே. மத்தியான பஸ்ஸில் ஜன்னலோரமாக, முடிந்தவரை அநாதை முகத்தோடு உட்கார்ந்தேன்.

வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கழுத்தில் சின்னச் சிலுவை.

"தனியாவா தம்பி?"

"ஆமாங்கய்யா. நீங்க எதுவரைக்கும்?"

"நீங்க எதுவரைக்குமோ அதுவரைக்கும்."

கண்டக்டர் சிவபாண்டி சிரித்தார். "பயப்படாதீங்கண்ணே. வாடிப்பட்டி வந்து, இதே பஸ்ல திரும்பிருவாரு. இவரு டிக்கெட்லதான் எங்க டிப்போவே ஓடுது."

பெரியவர் பெயர் இன்பசேகரன். கடலோரத்துச் சங்கன்துறையில், எதிர்த் தீவுக்குப் போன படகில் சீட்டுக் கிழித்தவர். அங்கே ஒரு வழக்கம். கடைசிப் படகில் ஒற்றை ஆள் ஏறினால் படகு கிளம்பாது. கரையில் நிற்கும் யாராவது துணைக்கு ஏறி, அக்கரை போய்த் திரும்ப வேண்டும். துணை பெற்றவர் என்றைக்காவது, துணை வந்தவருக்கும் அதேபோல் போக வேண்டும். ஆனால் துணை வந்தவர் வாய்திறந்து கேட்கக் கூடாது.

பாலம் வந்தது, படகு நின்றது. டீக்கடையும் ஐஸ் கம்பெனியும் பாலத்தடிக்கு இடம் மாறின. இவர், மனைவி ஆனிமேரி டீச்சருக்கு வேலை கிடைத்த மதுரைக்கு மாறினார்.

"இங்க எம்புட்டுக் கூட்டம்! ஆனா அம்புட்டுப் பேரும் போனைப் பாத்துக்கிட்டு ஒத்த ஆளாத்தான் போறாங்க. அதான் ஏறிக்கிறது."

"டீச்சர்?"

"சங்கன்துறைக் கல்லறையில. அங்கதான் வைக்கணும்னு கேட்டா. வச்சுட்டு வந்தவன்தான். அப்புறம் போகல. பிள்ளைக இல்ல."

"ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வரலாமே?"

"தனியாவா?" என்றார், நான் கெட்ட வார்த்தை பேசிவிட்டதுபோல.

"அப்ப எனக்கும் இன்னைக்கு ஒரு கடன் ஏறிருச்சு."

"சேச்சே! நான் ஊர்ச் சரித்திரம்லய்யா சொன்னேன்." முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

வாடிப்பட்டியில் இறங்கினேன். கையசைத்தார், ஒன்றும் கேட்கவில்லை. இத்தனை வருடத்தில் எத்தனை பேருக்குக் கையசைத்திருப்பார்! அவர்களில் யாருக்கும் அந்தச் சட்டம் தெரியாது, எனக்குத் தெரியும்.

சங்கன்துறைக்குப் பஸ் நேரமெல்லாம் விசாரித்துவிட்டேன். காலையில் கிளம்பினால் சாயங்காலம் திரும்பிவிடலாம். கல்லறைத் திருநாள் அடுத்த மாதம். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.