கோலிடெலின்

என் அக்காவை அத்தான் 'அகராதி' என்றுதான் கூப்பிடுவார். மருத்துவச் சொற்களுக்கு அகராதி போடுகிற அலுவலகத்தில் அவளுக்கு வேலை. அது பாதிக் காரணம். வாய் திறந்தவர்களையெல்லாம் திருத்துகிற அகராதி பிடித்த குணம் மீதி. "காய்ச்சல் அடிக்குது" என்று அனத்தினால்கூட, "அடிக்காது, காயும்" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அத்தான் சிரிப்பார். எப்படித்தான் குடித்தனம் நடத்தினாரோ, அந்த மனுஷன்.

அவரைக் காமாலை என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பித்தக்குழாயை ஒரு கட்டி அடைத்திருந்தது. கைமீறிவிட்டது, ஆபரேஷன் செய்தும் பயனில்லை என்று டாக்டர் எங்கள் இருவரையும் வராந்தாவில் நிற்கவைத்தே சொல்லிவிட்டுப் போனார். "அவர்கிட்ட நானே சொல்லிக்கிறேன். நீ வாயத் தொறக்காத" என்றாள் அக்கா.

சொல்லவில்லை. பகலெல்லாம் அலுவலகம், சாயங்காலம் ஆஸ்பத்திரி, அப்புறம் வீட்டுப் பாத்திரம். இன்று சொல்வாள், நாளை சொல்வாள் என்று காத்திருந்து எனக்கே அலுத்துப்போயிற்று. அவளைத் திட்டவும் மனசு வரவில்லை.

அன்று சாயங்காலம் அத்தான் வழக்கம்போல், "இன்னிக்கு என்ன வார்த்தை?" என்றார்.

"கோலிடெலின்."

"கோலியா? அதுல எங்க தெருவுக்கே நான்தான் ராஜா."

"அந்தக் கோலி இல்லங்க. கிரேக்கத்துல கோலின்னா பித்தம். டெலோஸ்னா முடிவு. பித்தத்துல அமிலம் விட்டா பச்சை, நீலம், ஊதா, சிவப்புன்னு மாறிக்கிட்டே போகும். கடைசியில மஞ்சளா நின்னுடும். அதுக்கு மேல மாறாது. அந்த மஞ்சளுக்குத்தான் இந்தப் பேரு. இப்ப யாரும் இந்த வார்த்தையச் சொல்றதுகூட..."

வேலைப் பழக்கத்தில் பேசிக்கொண்டே போனவள், தலையணையில் கிடந்த அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

அவர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "பித்தத்துக்கு முடிவா? நல்ல வார்த்தைதான். அப்ப எனக்குச் சீக்கிரம் சரியாயிடும்னு சொல்லு."

வழக்கம்போலத் திருத்துவாள் என்று நினைத்தேன். அவள் போர்வையை இழுத்துவிட்டாள். "ஆமாங்க. சரியாயிடும்."

அத்தான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இத்தன வருஷத்துல நான் சொன்னதுக்கு நீ ஒரு தடவகூட ஆமா போட்டதில்ல" என்றார். "அப்படி என்னடி சொல்லிட்டாரு டாக்டரு?"