நாளொன்றுக்கு முப்பது தப்படி

சனிக்கிழமை விடியற்காலை ஐந்து ஐம்பதுக்குப் போத்தனூரில் ராசாத்தாள் வீட்டு போன் அடித்தது. தொண்டாமுத்தூரிலிருந்து, அண்ணனின் பக்கத்துத் தோட்டத்துக்காரர்.

"உங்கண்ணன் போயிட்டாருங்க அம்மணி. மோட்டார் ரூம் செவுத்த யானை தள்ளிப்போட்டுதுங்க."

அண்ணி முத்தாத்தாள் கூடத்தில் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள். "ஊட்டுல இருந்து அது எத்தனை தப்படிங்க?" என்றுதான் ராசாத்தாளின் வாயில் முதலில் வந்தது. அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அண்ணன் சுப்பண்ணனுக்கு நாற்பத்தாறு வயது. நூற்றிருபது தென்னை, ஒரு கிணறு, மலையைப் பார்த்த பின்வாசலோடு ஓட்டு வீடு. பத்தாவதில் கணக்கில் இரண்டு தடவை தவறியவர். தங்கை பி.எஸ்ஸி. கணக்கு முடித்தபோது தோட்டத்து ஆட்களுக்கெல்லாம் மிக்சர் பொட்டலம் கொடுத்தவரும் அவர்தான். பூட்டிய கதவைத் திரும்பி வந்து ஒரு தரம் இழுத்துப் பார்க்காமல் போகமாட்டார்.

தொண்ணூற்றேழு ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தென்னைகளுக்கு நடுவே யானைக் காலடிகளைப் பார்த்தார். ஒற்றை யானை. வாழையைத் தொடவில்லை, ஒரு மட்டையைக்கூட இழுக்கவில்லை. மலையிலிருந்து நேராக வந்து, ஓரிடத்தில் மண் அமுங்கும்வரை நின்று, வந்த தடத்திலேயே திரும்பியிருந்தது. பின்வாசலிலிருந்து நடந்து எண்ணினார். முந்நூறு தப்படி. புதன்கிழமை அது நின்ற இடம் இருநூற்றெழுபது. வியாழன், இருநூற்று நாற்பது. நாய் ஒரு ராத்திரியும் குரைக்கவில்லை.

அன்று மதியமே கிராப் நோட்டோடு போத்தனூர் வந்துவிட்டார்.

"யானைக்கும் கணக்குப் போட வந்துட்டீங்களாண்ணா?"

"சிரிக்காத கண்ணு. அதுக்குக் கணக்கு வருது, எனக்குத்தான் வல்லை."

படுத்த கோட்டில் தேதி, நிமிர்ந்த கோட்டில் தப்படி. ஒரு புள்ளியும், நாளுக்கு எவ்வளவு இறங்குகிறது என்பதும் தெரிந்தால் போதும், மிச்சம் தானாக வந்துவிடும் என்றாள் ராசாத்தாள். செவ்வாய்க்கு நேராக முந்நூறில் புள்ளி. அங்கிருந்து ஒரு கட்டம் வலது, மூன்று கட்டம் கீழே, இன்னொரு புள்ளி. ஸ்கேலை வைத்து அவரே இழுத்தார். கோடு அடுத்த வெள்ளிக்கிழமை சுழியத்தைத் தொட்டது. சுழியம் என்பது பின்வாசலை ஒட்டிய அடுப்படிச் சுவர்.

திங்கட்கிழமை ராத்திரி தோட்டத்தில் வேட்டுப் போட்டார்கள். செவ்வாய் காலை தொண்ணூறு.

வியாழன் சாயங்காலம் புருசனும் பெண்சாதியும் போத்தனூர் வந்து படுத்தார்கள். வெள்ளி காலை சேதி வந்தது. அடுப்படிச் சுவர் விழுந்திருந்தது, அரிசி மூட்டை வைத்தது வைத்தபடி இருந்தது.

சுப்பண்ணன் முகம் தெளிந்தது. "முடிஞ்சுது அம்மணி. நான் போயி செவுத்தப் பாக்கறேன். ராத்திரிக்கு மோட்டார் ரூம்ல படுத்துக்குவேன்." செருப்பை மாட்டியவர், திரும்பி வந்து நோட்டை விரித்தார். "இந்தக் கோடு இங்கியே நின்னுருமா?"

ராசாத்தாள் தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தாள். "கோடு எங்கீங்கண்ணா நிக்கும்? அது பாட்டுக்குக் கீழ போகும். நாயித்துக்கிழமை அண்ணியக் கூட்டிட்டுப் போக வருவீங்கல்ல, அப்ப நீட்டிக் காட்டறேன்."

"செரி, வாரேன்."

காரியம் முடிந்த அன்று அவள் தனியாக நடந்து எண்ணினாள். அடுப்படிச் சுவரிலிருந்து மலைக்கு எதிர்ப்பக்கமாக, மோட்டார் ரூம் வரை, முப்பது தப்படி.

நோட்டு இப்போது அவளிடம் இருக்கிறது. சுழியத்துக்குக் கீழே பதினெட்டுக் கட்டம் வெள்ளையாகக் கிடக்கிறது. கோட்டை அவள் இன்னும் நீட்டவில்லை.